ஷிப்ட் முடியும்போது எழுத்தும் முடிந்திருக்க: வார்டுக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ முதல் நியமனம் கிடைத்து வார்டுக்குள் வருகிறவர்களுக்கு ஊசி போடுவதும் கெனுலா (சேலைனும் மருந்தும் போக நாளத்தில் வைக்கும் சிறு குழாய்) ஏற்றுவதும் பெரிய கஷ்டமாக இருப்பதில்லை. மூன்று வருடப் பயிற்சியில் கை அதற்குப் பழகிவிடும். திணறுவது எழுத்தில்தான். காலை 7 மணிக்கு வந்து, மதியம் 1 மணிக்கு ஷிப்டை ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பிறகும் மேசையில் குனிந்து டிக்கட், அதாவது ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய வார்டுப் பதிவு, எழுதிக்கொண்டிருப்பவர்களை எந்த வார்டிலும் பார்க்கலாம்.

அவர்கள் மெதுவாக எழுதுகிறவர்கள் இல்லை. ஒரே விஷயத்தை மூன்று தரம் எழுதுகிறவர்கள். பிரசரை முதலில் உள்ளங்கையில் குறிப்பார்கள், பிறகு ஒரு துண்டுத் தாளில், கடைசியில் சார்ட்டில். நடுவில் துண்டு தொலையும், கையைக் கழுவினால் எண் அழியும், எந்தக் கட்டிலுக்கு எந்த பிரசர் என்று யோசித்து நிற்க வேண்டி வரும். ஒரு தகவலை ஒரே தரம், அது கிடைத்த இடத்திலேயே, அது சேர வேண்டிய தாளிலேயே எழுதிவிட்டால் நேரமும் மிஞ்சும், பிழையும் குறையும். கீழே சொல்வதெல்லாம் அதை ஒரு காலை ஷிப்டில் எப்படிச் செய்வது என்பதுதான். மாலை 1 முதல் 7 வரைக்கும், இரவு 7 முதல் 7 வரைக்கும் இதையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வார்டு சிஸ்டர் வேறு முறை வைத்திருந்தால் சிஸ்டர் சொல்வதுதான் சட்டம்.

ஒன்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டிக்கட்டில் நாம் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். இங்கே தரும் உதாரணங்களை விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்.

வருவதற்கு முன்பே மடித்து வைத்த ஒரு தாள்

ஏ4 தாள் ஒன்றை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வையுங்கள். இடது ஓரத்தில் உங்களுக்குத் தந்த கட்டில் எண்கள். மேலே 7, 8, 9 என்று 1 மணி வரை நேரம். கட்டிலும் நேரமும் சந்திக்கும் கட்டத்தில் செய்ய வேண்டியதை மட்டும் சுருக்கமாகக் குறியுங்கள்: 8க்குச் சீனி பார்க்க, 10க்கு அன்டிபயோட்டிக், 11க்கு ஸ்கேனுக்கு அனுப்ப. முடிந்ததும் ஒரு கோடு. இந்தத் தாளில் பிரசரோ பல்ஸோ எழுதாதீர்கள். எழுதத் தொடங்கினால் அது இன்னொரு சார்ட்டாகிவிடும், பழைய கதைதான். இது செய்ய வேண்டியதை நினைவூட்டும் தாள் மட்டுமே.

நோயாளியின் முழுப்பெயரும் இதில் வேண்டாம். கட்டில் எண்ணும் டிக்கட் எண்ணின் கடைசி இலக்கங்களும் போதும். ஷிப்ட் முடிந்ததும் கிழித்து வார்டிலேயே போட்டுவிட்டுப் போங்கள். கல்முனை பஸ்ஸில் ஊர்ச் சனம் நிறைந்திருக்கும்போது பையிலிருந்து அந்தத் தாள் விழுந்தால், யாருக்கு என்ன வருத்தம் என்ற கதை களுவாஞ்சிக்குடிக்கு நீங்கள் போய்ச் சேருமுன் போய்விடும்.

இரண்டு பேனை கொண்டு வாருங்கள், நீலமோ கறுப்போ. ஒன்றை ரவுண்டுக்கு வரும் டொக்டர் வாங்குவார், திரும்பி வராது. வினாடி முள் உள்ள கைக்கடிகாரமும் வேண்டும்.

பொறுப்பெடுப்பது கட்டிலடியில்

இரவு தாதி ரிப்போர்ட் கொப்பியை மேசையில் வைத்து வாசிக்க, நீங்கள் தலையாட்டிக் கேட்பதோடு பொறுப்பெடுத்ததாகிவிடாது. கொப்பி வாசித்ததும் இருவரும் கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும். சேலைன் எந்த அளவில் நிற்கிறது, கெனுலா எந்தத் திகதியில் போட்டது, அந்த இடம் வீங்கியிருக்கிறதா, யூரின் பேக்கில் எவ்வளவு இருக்கிறது, சார்ட்டில் இரவுக் கணக்குக் கூட்டி முடித்திருக்கிறதா. இவற்றைக் கண்ணால் பாருங்கள்.

இந்த நடையிலேயே இரண்டு வேலையை முடித்துவிடலாம். சேலைன் போத்தலில் ஒட்டிய பிளாஸ்டரில் இப்போது நிற்கும் அளவுக்கு நேரே ஒரு கோடு போட்டு 7.00 என்று எழுதுங்கள். யூரின் பேக்கை வெறுமையாக்கச் சொல்லி, அந்த அளவை இரவுக் கணக்கில் இரவு தாதியைக் கொண்டே எழுதுவியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் 10 மணிக்குப் பேக்கில் இருக்கும் 600 மில்லிலீற்றரில் எவ்வளவு உங்களுடைய நேரத்தில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏதாவது குறை கண்டால், உதாரணமாக புறங்கை வீங்கியிருந்தால், கையோடு எழுதுங்கள்: “7.10, பொறுப்பெடுக்கும்போது வலது புறங்கை கெனுலா இடத்தில் வீக்கம், சேலைன் நிறுத்தப்பட்டது, டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது.” இதில் இரவு தாதியைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் வரக்கூடாது. டிக்கட் சண்டை பிடிக்கும் இடமில்லை.

ஒரே பெயர்க்காரர்கள்

நமது கரையோரத்து வார்டுகளில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எங்கும் முகம்மது என்று தொடங்கும் பெயர்கள். தமிழ் ஊர்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் மாறி, பெயர் ஒன்றாகவே இருக்கும். வயதானவர்களிடம் பெயர் கேட்டால் ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்வார்கள், அடையாள அட்டையில் வேறு இருக்கும். அம்பாறைப் பக்கம் சிங்களப் பெயர்களும் சேரும். அவற்றைத் தமிழ்க் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து மாறிவிடும்.

அதனால் பெயரை மட்டும் நம்பி ஒன்றும் எழுதாதீர்கள். பெயர், டிக்கட் எண் இரண்டும் சேர்ந்தால்தான் ஆள். ஒவ்வொரு புதுத் தாள் சேர்க்கும்போதும், அது சீனிச் சார்ட்டாக இருந்தாலும், முதலில் இந்த இரண்டையும் எழுதிவிட்டுத்தான் மற்றது. நோயாளியிடம் “நீங்கதானே கந்தையா?” என்று கேட்கக்கூடாது. காது மந்தமானவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார். “உங்கட பேரென்ன ஐயா?” என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் வார்டு சிஸ்டரிடம் சொல்லித் தூரத் தூரக் கட்டில்களில் போடச் சொல்லுங்கள். இரண்டு டிக்கட் அட்டைகளிலும் அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார் என்று பெரிதாகக் குறித்துவிடுங்கள்.

காலைச் சுற்று

7.30 அளவில் பிரசர், பல்ஸ், காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, ஒட்சிசன் அளவு. ட்ரொலியில் சார்ட் எல்லாவற்றையும் கட்டில் ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு போங்கள். பார்த்ததும் எழுதி, நேரம் போட்டு, அடுத்த கட்டில். நேரம் 24 மணிக் கணக்கில். இரண்டு மணி என்று எழுதினால் பகலா இரவா என்ற கேள்வி ஒரு வருடத்துக்குப் பிறகும் வரலாம்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சார்ட்டுகளைப் புரட்டினால் வார்டு முழுக்க நிமிடத்துக்கு 20 என்று இருக்கும். முட்டு வருத்தக்காரருக்கும் 20, காலில் புண்ணோடு படுத்திருப்பவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒருவருடைய நிலைமை கெடும்போது பிரசருக்கு முன்பே மாறுவது பெரும்பாலும் மூச்சுத்தான். பல்ஸ் பார்க்கும் கையை அப்படியே மணிக்கட்டில் வைத்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதை நோயாளி அறிந்தால் மூச்சை மாற்றிவிடுவார், அதனால் சொல்லாமல் எண்ணுங்கள். எண்ண முடியாமல் போனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமைக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்த ஆள் எண்ணுவார். 20 என்று பார்த்தால் எண்ண மாட்டார்.

ரவுண்டில் நிற்கும்போது

நிபுணர் வந்ததும் வார்டின் வேகமே மாறும். அவர் பேசுவார், சின்ன டொக்டர் டிக்கட்டில் எழுதுவார், ஐந்து கட்டில் தாண்டும்போது முதல் கட்டிலில் சொன்னது மறந்திருக்கும். இந்த நேரத்தில் உங்கள் மடித்த தாள்தான் கைகொடுக்கும். மாற்றங்களை மட்டும் குறியுங்கள்: புது மருந்து, நிறுத்திய மருந்து, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வேறு நிபுணருக்குக் காட்டுவது, வீட்டுக்குப் போகிறவர்.

ரவுண்டு முடிந்ததும் தேநீருக்குப் போக மனம் சொல்லும். அதற்கு முன் டிக்கட்டுகளைத் திறந்து, தாளில் குறித்ததும் டொக்டர் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். வாயால் சொல்லி எழுத மறந்த ஓடர்தான் பிறகு தலையிடி தரும். டொக்டர் இன்னும் வார்டில் நிற்கும்போதே கேட்டு எழுதுவித்துவிட வேண்டும். தொலைபேசியில் ஓடர் தந்தால் திருப்பி வாசித்துக் காட்டுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த வழியாக, எத்தனை தரம். நேரத்தையும் சொன்னவர் பெயரையும் எழுதி, அவர் வார்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒமிட் என்று எழுதிய மருந்தை அந்த நிமிடமே மருந்துச் சார்ட்டில் நேர்கோடு போட்டு நிறுத்துங்கள். பிறகு செய்யலாம் என்றால் 12 மணி மருந்தோடு அதுவும் போய்விடும்.

எண்களில் கை கவனம். ஒன்றுக்குக் குறைந்த அளவை எழுதும்போது புள்ளிக்கு முன் பூச்சியம் வேண்டும், 0.5 என்று. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூச்சியமும் கூடாது. 5.0 என்று எழுதி, புள்ளி மங்கிவிட்டால் அது 50. இன்சுலினுக்கு யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கில முதலெழுத்தை மட்டும் போட்டால் அது பூச்சியம் போல் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிப்போகும்.

மருந்து கொடுத்த பிறகே கையெழுத்து

ட்ரொலியை உருட்டத் தொடங்குமுன் எல்லாச் சார்ட்டிலும் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாலாம் கட்டில் ஐயா எக்ஸ்ரேக்குப் போயிருப்பார், ஏழாம் கட்டில் உம்மா நோன்பு என்று குளுசையைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பார். சார்ட்டில் இருவரும் மருந்து எடுத்ததாகவே இருக்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகு கையெழுத்து. நோன்பு காலத்தில் யார் பிடிக்கிறார், மருந்து நேரத்தை மாற்ற வேண்டுமா என்று ரவுண்டிலேயே டொக்டரிடம் கேட்டுச் சார்ட்டை மாற்றி எழுதுவித்துவிட்டால், இந்த ஒளிப்பு விளையாட்டே இருக்காது.

கொடுக்காத மருந்துக்குக் காரணம் எழுத வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எல்லோரும் நன்றாகப் பழகிய பாடம் இது. “இல்லை” என்று மட்டும் எழுதினால் போதாது. “கையிருப்பில் இல்லை, 10.20க்கு டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது, மாற்று மருந்து எழுதப்பட்டது” என்று முடிவுவரை எழுதுங்கள். உறவினர் வெளியில் வாங்கி வரப் போயிருந்தால் அதையும், வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதுங்கள்.

மோர்பின், பெதடின் போன்றவற்றின் பதிவேடு தனி. எடுக்கும்போதே, இருவர் நின்று, இருவரும் கையெழுத்திட்டு, மிச்சம் எத்தனை என்பதை அலுமாரியில் எண்ணிப் பார்த்து எழுதுவது. அதைப் பிற்போடவே கூடாது.

டெங்குச் சார்ட்

வடகீழ்ப் பருவமழை தொடங்கி, தண்ணீர் தேங்கி, நவம்பருக்குப் பின் காய்ச்சல்காரர்கள் வரத் தொடங்கினால் வார்டின் எழுத்து வேலை இரட்டிப்பாகும். புதியவர் ஒருவர் எழுத்தில் கை தேறுவதும் இந்தச் சார்ட்டில்தான். ஏனென்றால் டெங்கு நோயாளி கடைசி வரை நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். அவர் வழுக்கிப் போவது தாளில்தான் முதலில் தெரியும்.

சார்ட்டின் தலையில் நிறை இருக்க வேண்டும். நிறை இல்லாத டெங்குச் சார்ட்டால் பயனில்லை. தண்ணீர்க் கணக்கு, சிறுநீர்க் கணக்கு எல்லாம் அதிலிருந்துதான். குறைந்தது ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றர் சிறுநீர் போக வேண்டும். 60 கிலோ ஆளென்றால் மணிக்கு 30, நாலு மணித்தியாலத்துக்கு 120. அவர் 8 மணியிலிருந்து 12 மணிவரை 90தான் போயிருக்கிறார் என்றால் அது எழுதிவிட்டு நகரும் எண்ணில்லை, டொக்டரைக் கூப்பிடும் எண். இந்தக் குறைந்த அளவைச் சார்ட்டின் மேல் மூலையில் முதலிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, மாலை ஷிப்டுக்கு வருகிறவரும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

அடுத்தது பிரசர். 100க்கு 80 என்று பார்த்தால் “பிரசர் நல்லாத்தானே இருக்கு” என்று தோன்றும். டெங்குவில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆள் அதிர்ச்சி நிலைக்குள் போய்க்கொண்டிருக்கிறார். ஆகவே இரண்டு எண்ணையும் எழுதி, இடைவெளியையும் பக்கத்தில் கழித்து எழுதுங்கள். கைகால் சூடா குளிரா என்பதையும் தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.

இரத்தத்தின் செறிவு, நாம் பி.சி.வி. என்று சொல்வது, தொடக்கத்தில் 40 இருந்தவருக்கு 48க்கு ஏறினால் 20 வீத உயர்வு. இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிகிறது என்பதற்கு அது அடையாளம். தொடக்க அளவைத் தெளிவாகக் குறித்து வைத்தால்தான் ஏற்றம் தெரியும். வெளியில் நிற்கும் சொந்தக்காரர்கள் பிளேட்லட் எவ்வளவு, பிளேட்லட் எவ்வளவு என்றே கேட்பார்கள். பதில் சொல்லுங்கள், ஆனால் உங்கள் கண் மற்ற மூன்றிலும் இருக்கட்டும்.

குடித்த கணக்கு நம் கையில் இல்லை, துணைக்கு நிற்பவர் கையில் இருக்கிறது. அவருக்கு ஒரு தாளும் பேனையும் கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டு வந்த கோப்பையில் முதலில் அளவு ஜாடியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, இது இவ்வளவு மில்லிலீற்றர் என்று சொல்லுங்கள். கஞ்சி, இளநீர், ஜீவனி எதுவானாலும் ஒரு கோப்பை குடித்தால் ஒரு கோடு, நேரம். எழுதத் தெரியாதவரென்றால் கோடு மட்டும் போதும். சிறுநீரை அளவு ஜாடியில் எடுத்துவிட்டுக் கொட்டுமுன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். இதைக் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினால், மதியம் “எத்தனை தரம் போனார்?” “ஒரு மூணு நாலு தரம் போயிருப்பாரு மிஸ்” என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரிக்க முடியாது. பப்பாசி இலைச் சாறு கொடுத்திருக்கிறார்களா என்று கோபப்படாமல் கேளுங்கள். அதட்டினால் ஒளித்துக் கொடுப்பார்கள், கணக்கு பிழைக்கும். கொடுத்திருந்தால் எவ்வளவு, எப்போது என்று எழுதி டொக்டருக்குச் சொல்லுங்கள்.

டெங்கு என்று சந்தேகம் வந்தவுடனேயே அறிவித்தல் படிவம், நாம் 544 என்று சொல்வது, நிரப்பப்பட வேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிரப்புவது டொக்டரின் வேலை, ஆனால் போனதா என்று பார்த்து டிக்கட்டில் குறிப்பது நமக்குப் பழக்கமாக இருக்கட்டும். விலாசத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைத் தேடி அலைவார். வீதியும் கிராம சேவகர் பிரிவும் கேட்டு எழுதுங்கள்.

பாம்புக்கடி வந்தால்

வட்டையில் வெள்ளாமை நடக்கும் காலத்தில் இது நிச்சயம் வரும். இங்கே எல்லாமே நேரம்தான். கடித்த நேரத்தைக் கேட்டால் மணி சொல்ல மாட்டார்கள், “தண்ணி கட்டப் போன நேரம்” என்பார்கள். பாங்கு சொல்லியதற்கு முன்னா பின்னா, வெளிச்சம் இருந்ததா என்று கேட்டுக் கேட்டு ஒரு நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். அது உத்தேசம் என்றால் உத்தேசம் என்றே எழுதுங்கள். வழியில் பரியாரியிடம் போனார்களா, கட்டுப் போட்டார்களா, கீறினார்களா, என்ன குடிக்கக் கொடுத்தார்கள் என்பதும் வேண்டும்.

வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே தோலில் பேனையால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரம் எழுதுங்கள். அடுத்தவர் வந்து பார்த்தால் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று டிக்கட்டைத் திறக்காமலே தெரியும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடப் பரிசோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும், பிளாஸ்டிக் சரிவராது. இரத்தம் விட்ட நேரத்தைக் குழாயில் ஒட்டிய பிளாஸ்டரிலேயே எழுதி, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரு தரம் சரித்துப் பாருங்கள். உறைந்தது, உறையவில்லை, இரண்டில் ஒன்று, நேரத்தோடு. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் முடிவை நம்ப முடியாது.

விஷமுறி மருந்து ஏற்றினால் தொடங்கிய நேரம், எத்தனை குப்பி, தொகுதி எண், பிறகு நடந்தவை. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம், அதனால் முதல் மணித்தியாலம் ஒருவர் பக்கத்திலேயே நின்று சொறி, நடுக்கம், இழுப்பு, பிரசர் வீழ்ச்சி எதுவானாலும் வந்த நிமிடத்தோடு எழுத வேண்டும். புடையன் கடியென்றால் கண்மடல் தொங்குகிறதா, சிறுநீரின் அளவும் நிறமும் எப்படி என்பதையும் தொடர்ந்து பாருங்கள், சிறுநீரகம் பழுதடையும் கடி அது.

குறிப்பில் என்ன எழுதுவது

“நோயாளி நன்றாக உள்ளார். அவதானிக்கப்பட்டார். மருந்து கொடுக்கப்பட்டது.” இப்படி ஒரு குறிப்பை ஒவ்வொரு டிக்கட்டிலும் எழுதலாம், எந்த நோயாளிக்கும் பொருந்தும். அதனாலேயே எழுத வேண்டியதில்லை. சார்ட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்களைக் குறிப்பில் திருப்பி எழுதவும் வேண்டாம். குறிப்பு மாற்றத்துக்கானது: என்ன மாறியது, நீங்கள் என்ன செய்தீர்கள், யாருக்குச் சொன்னீர்கள், அதற்குப் பிறகு எப்படி.

“9.40, நெஞ்சடைப்பு என்றார், இடது கைக்குப் பரவுகிறது, வியர்வை. பிரசர் 150க்கு 90, பல்ஸ் 104. ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது, 9.45க்கு டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது, 9.50க்கு வந்து பார்த்தார். 10.15, வலி குறைந்துள்ளது என்றார்.” அவ்வளவுதான். எழுத இரண்டு நிமிடம் போகாது.

நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே பிடியுங்கள். “ராவு முழுக்க முட்டிக்கிட்டுக் கிடந்த மகள், நிமிந்து இருந்தாத்தான் மூச்சு” என்று ஒரு உம்மா சொன்னால், அதை மூச்சுத் திணறல் என்ற ஒரு சொல்லாகச் சுருக்கினால் படுக்க முடியவில்லை என்ற முக்கிய செய்தி போய்விடும். சிங்களம் மட்டும் தெரிந்தவர் மகா ஓயாவிலிருந்தோ உகணையிலிருந்தோ வந்தால் யார் மொழிபெயர்த்தார் என்பதையும் ஒரு சொல்லில் குறிக்கலாம்.

அடிபாடு, விபத்து, பொலிஸ் வழக்கு உள்ளவர்களின் டிக்கட் நீதிமன்றம் வரை போகக்கூடியது. “கணவர் அடித்தார்” என்று எழுத நாம் அங்கே நிற்கவில்லை. “கணவர் அடித்ததாக நோயாளி கூறினார்” என்பதுதான் நமக்குத் தெரிந்தது. நகைகளும் அப்படித்தான். மயக்கத்தில் வந்தவரின் தாலியைக் கழற்ற வேண்டி வந்தால் “மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று” என்று எழுதுங்கள். அது தங்கமா என்று உரசிப் பார்த்தவர் யார்? சாட்சியோடு உறவினரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பிழையாக எழுதிவிட்டால் ஒரே கோடு, அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, திகதி, நேரம். டிபெக்ஸ் பூசுவது, தாளைக் கிழிப்பது, எண்ணின் மேல் எண் எழுதுவது, மூன்றுமே உங்களைச் சந்தேகத்துக்கு ஆளாக்கும். டிக்கட்டைத் தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை வார்டில் பார்ப்பீர்கள். ஈ.சி.ஜி.யை நிபுணருக்கு அவசரமாகக் காட்ட டொக்டர் கேட்டால், அது டொக்டருடைய தொலைபேசியில், பெயர் தெரியாமல் போகட்டும்.

திடீரென்று ஒருவர் விழுந்தால்

உயிர்காக்கும் வேலை நடக்கும்போது ஒருவர் எழுதுவதற்கென்றே நிற்க வேண்டும், புதியவருக்கு ஏற்ற வேலை. சுவர்க் கடிகாரம் ஒன்றை மட்டும் பாருங்கள், ஆளுக்கொரு கைக்கடிகாரம் பார்த்தால் நேரங்கள் முட்டிக்கொள்ளும். அட்ரினலின் ஒவ்வொரு முறை போகும்போதும் நேரத்தை எழுதி, மூன்று நிமிடம் ஆனதும் சத்தமாகச் சொல்லுங்கள்.

12 மணிக்குப் பிறகு

12.15க்கு மடித்த தாளை எடுத்துக் கோடு போடாத கட்டங்களைப் பாருங்கள். போன இரத்தங்களின் முடிவு வந்ததா? வராதது எது? தண்ணீர்க் கணக்கைக் கூட்டி, கூட்டலுக்கு அடியில் கையெழுத்து. வீட்டுக்குப் போகிறவருக்குக் கொடுக்கும் நோய் விபர அட்டையில், நாம் டயக்னோசிஸ் கார்ட் என்று சொல்வதில், கிளினிக் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திகதியை வாயாலும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். டொக்டரின் சொல்லை மீறிப் போகிறவரிடம் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், என்ன ஆபத்து என்று யார் விளக்கினார் என்பதையும் எழுதுங்கள். சொல்லாமலே போய்விட்டவரென்றால் கடைசியாகப் பார்த்த நேரம், கட்டில் காலி என்று கண்ட நேரம், யாருக்கு அறிவித்தது.

ஒப்படைக்கும்போது எல்லா நோயாளிக்கும் ஒரே நேரம் கொடுக்காதீர்கள். 14 பேரில் 10 பேருக்கு ஒரு வரி போதும். மிச்சம் நாலு பேருக்கு யார், என்ன வருத்தம், காலையில் என்ன மாறியது, மாலையில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லுங்கள். “4 மணிக்குப் பி.சி.வி., 48க்கு மேல் என்றால் உடனே டொக்டர்” என்று சொன்னால் வருகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியும். “கொஞ்சம் கவனமாப் பாருங்க” என்றால் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போது ஏதோ எழுத மறந்தது நினைவு வரும். வரத்தான் செய்யும். வார்டுக்குத் தொலைபேசி எடுத்து, இப்போது பொறுப்பில் இருப்பவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், நோயாளிக்குத் தேவையானது அது. உங்கள் கையெழுத்தை இன்னொருவரைப் போடச் சொல்லாதீர்கள். அடுத்த ஷிப்டுக்கு வந்ததும், அன்றைய திகதியையும் அந்த நேரத்தையும் போட்டு, பிந்திய பதிவு என்று குறித்து, நடந்தது எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பக்கத்தில் இரண்டு வரிக்கு நடுவில் இடமிருந்தாலும் அங்கே நுழைக்க வேண்டாம்.